ஓடுபாதை நீள்வதற்கு முன் ஊர்ப்பாதைக்கு விடை வேண்டும்

கல்முனையிலிருந்து காத்தான்குடி நோக்கி வரும் பிரதான வீதியில் களுவாஞ்சிகுடியையும் களுதாவளையையும் தாண்டினால் வருவது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் விதையைத் தரும் தேற்றா மரத்தின் பெயர் தாங்கிய ஊர். பெயரில்தான் தீவு. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பாங்கான நிலம், அந்த நிலத்தின் நடுவே ஒரு பிரதான வீதி. அந்த வீதியில் எங்காவது ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் ஊர் உண்மையிலேயே தீவாகிவிடும். வெள்ள காலங்களில் இதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

வெற்றிலையும் மரக்கறியும் விளையும் பகுதி இது. காத்தான்குடி, கல்முனை, மருதமுனை வியாபாரிகள் பலருக்கு இங்குள்ள தோட்டக்காரருடன் பரம்பரைக் கொடுக்கல் வாங்கல் உண்டு. இப்பத்திக்காக அங்குள்ள ஒரு மரக்கறிச் சேகரிப்பாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது விமானநிலைய விஸ்தரிப்புப் பற்றிய பேச்சும் வந்தது. மட்டக்களப்பிலிருந்து வளைகுடாவுக்கு நேரே விமானம் பறக்க வேண்டும், அதற்கு ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்பது நம் வர்த்தகர் மத்தியில் அடிக்கடி கேட்கும் பேச்சல்லவா? அவர் எதிர்க்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "பிளேன் வாறது நல்லந்தான் காக்கா. ஆனா றன்வே நீண்டா றோட்டு எங்கால போற?"

இந்தக் கேள்வியை நாம் எவரும் இதுவரை கேட்கவில்லை என்பதே உண்மை. விமானநிலையம் என்றதும் உம்றாப் பயணம், வெளிநாட்டு வேலை, இறால் ஏற்றுமதி என்று நம் மனம் மேலே பறந்து விடுகிறது. விஸ்தரிப்பை ஆட்சேபிக்கும் ஊரவரைக் கண்டால் "அபிவிருத்திக்கு எதிரானவர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். ஆனால் உலகில் விமானநிலைய விஸ்தரிப்புகள் ஆட்சேபிக்கப்பட்ட இடங்களை எடுத்துப் பார்த்தால், காணியோடு சேர்ந்து வீதியும் அங்கே பிரச்சினையாக இருந்திருப்பதைக் காணலாம். வீதிதான் வியாபாரியின் முதல்.

திமிலைதீவின் கணக்கு

மட்டக்களப்பு விமானத்தளம் நகரின் தென்மேற்கே, வாவி சூழ்ந்த திமிலைதீவில் இருக்கிறது. 1958இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் எயார் சிலோன் விமானங்கள் இங்கு வந்து போயின. 1983இல் விமானப்படையின் பொறுப்பில் சென்றது. யுத்தம் முடிந்த பின்னர் புனரமைக்கப்பட்டு 2018 மார்ச்சில் உள்நாட்டு சிவில் விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. இன்று உத்தியோகபூர்வப் பெயரில் "சர்வதேச" என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது.

பெயரை மாற்றலாம், நீளத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. தற்போதைய ஓடுபாதை ஏறத்தாழ 1,560 மீற்றர். எட்டுப் பேர் ஏறும் செஸ்னா விமானத்துக்கு இது தாராளம். பலாலிக்குச் சென்னையிலிருந்து வரும் ஏ.டி.ஆர். வகை விமானங்களுக்கும் போதும். ஆனால் நம்மவர் ஆசைப்படும் எயார்பஸ் 320, போயிங் 737 போன்றவை ஆட்களையும் பொதிகளையும் நிறைத்து, வளைகுடா வரை எண்ணெயும் நிரப்பிக்கொண்டு எழும்புவதற்கு இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் வேண்டும். கட்டுநாயக்கவின் ஓடுபாதை 3,350 மீற்றர், மத்தளையினது 3,500 மீற்றர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறைந்தபட்சமாக 2,300 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 740 மீற்றர் தேவை. தார் போடும் அகலம் மட்டும் போதாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இந்தத் தரத்திலான ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இரு மருங்கும் 140 மீற்றர் வீதம், மொத்தம் 280 மீற்றர் அகலத்துக்கு வெளியாக இருக்க வேண்டும். 740ஐ 280ஆல் பெருக்கினால் இரண்டு இலட்சத்து ஏழாயிரம் சதுர மீற்றர் வருகிறது. நம் கணக்கில் சுமார் 51 ஏக்கர். இது நீட்டும் பகுதிக்கு மட்டும். பெரிய விமானங்கள் நிற்கும் இடம், முனையக் கட்டிடம், எண்ணெய்த் தாங்கி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் இதற்குப் புறம்பானவை.

திமிலைதீவில் 51 ஏக்கரை எங்கே எடுப்பது? ஒன்றில் மக்கள் குடியிருக்கும், பயிரிடும் நிலம். இல்லாவிட்டால் வாவியை நிரப்ப வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. வாவியை நிரப்பினால் மீனவன் கேட்பான், நிலத்தை எடுத்தால் விவசாயி கேட்பான். இரண்டிலும் நம்மைப் போன்றவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நகரிலிருந்து திமிலைதீவுப் பக்கமாகச் சென்று வலையிறவுப் பாலத்தைத் தாண்டித்தான் வவுணதீவுக்கும் அதற்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கும் போகிறோம். அந்த வழியில் கை வைக்கப்படுமா என்பதே அந்தக் கேள்வி.

படுவான்கரை என்றால் என்ன என்று நம் வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. நெல், பால், தயிர், மாடு, விறகு, தேன் என்று எழுவான்கரைக்கு வருபவை ஒரு பக்கம். இங்கிருந்து புடவை, பலசரக்கு, இரும்புச் சாமான், உரம் என்று போகின்றவை மறு பக்கம். இரு கரையையும் இணைக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம். இவற்றுக்கு இடையில் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் ஓடப்பாதை. நம் பகுதியில் தண்ணீரில் ஓடும் ஓடத்தையும் "பாதை" என்றே சொல்கிறோம். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் வேறு பாதை இல்லாதவனுக்கு ஓடம்தான் பாதை.

மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சுமார் 210 மீற்றர் நீளம். அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டியவர் துறையடியில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும், அல்லது பல மைல் சுற்ற வேண்டும். பாலம் வந்த பின் காலையில் நெல் பார்க்கப் போனவர் ளுஹருக்கு முன்பே கடைக்குத் திரும்பினார். 210 மீற்றர் பாலம் செய்த வேலை இது. 740 மீற்றர் ஓடுபாதை நம் சில்லறை வியாபாரிக்கு இதில் கால்வாசியையாவது செய்யுமா என்று நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பலாலி சொல்லும் பாடம்

இவ்வளவும் வீண் பயமா? நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத்தளத்தையும் அதைச் சூழ்ந்த இராணுவ முகாமையும் உள்ளடக்கி 1990இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானது. ஜூன் மாதத்தில் மக்கள் இடம்பெயர்ந்தனர். காணி போனது எல்லோருக்கும் தெரியும். வீதி போனது அவ்வளவாகப் பேசப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பலாலிக்குச் செல்லும் பிரதான வீதியும், காங்கேசன்துறையையும் பருத்தித்துறையையும் இணைக்கும் கரையோர வீதியும் அந்த வலயத்தினுள் அகப்பட்டன. வசாவிளான் சந்தி என்பது பெயரளவில் மட்டும் சந்தியாக நின்றது.

2013இல் அங்கு 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்து சேர்ந்தது. விமானநிலையத்தால் யாழ்ப்பாணத்துக்கு நன்மை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் திகதிகளைக் கவனியுங்கள். சர்வதேச விமானம் இறங்கியது 2019இல். பக்கத்து ஊரவன் தன் வீதியில் போக முடிந்தது எப்போது? வசாவிளான் ஊடான வீதியின் ஒரு பகுதி 2024 நவம்பரிலும், பலாலி வீதியின் மேலும் ஒரு பகுதி 2025 ஏப்ரலிலும் கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டன. முப்பத்து நான்கு ஆண்டுகள்! அந்த வீதிகளில் 1990இல் கடை வைத்திருந்தவரின் பேரன் இன்று கடை வைக்கும் வயதில் இருப்பான்.

பலாலியில் யுத்தம்தான் காரணம், மட்டக்களப்பை அதனோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. யுத்தம் இல்லாத மதுரையைப் பார்ப்போம். அங்கு ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்டத் திட்டம். நீட்டும் திசையில் மதுரையின் சுற்றுச்சாலை குறுக்கே போகிறது. நகரத்துக்குள் நுழையாமல் லொறிகள் போவதற்கென்றே போடப்பட்ட சாலை அது. சாலையை ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டு போவதா, சுற்றி வேறு வழியில் திருப்புவதா, செலவு யாருடையது என்று மத்திய அரசின் நிறுவனங்களுக்கும் மாநில அரசுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. இதற்கிடையில் 2024 நவம்பரில் சின்ன உடைப்பு என்ற கிராமத்து மக்கள் மாற்றிடம் தராமல் வெளியேற மாட்டோம் என்று போராட்டத்தில் இறங்க, விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிற்று. சாலையைப் பற்றி முதலில் முடிவு செய்யாமல் ஓடுபாதையைப் பற்றி முடிவு செய்ததன் விளைவு இது.

ஜிப்ரால்டரில் இன்னும் விசித்திரம். ஸ்பெயின் எல்லைக்குப் போகும் பிரதான வீதி ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றது. விமானம் வரும்போது ரயில் கடவையைப் போல் படலையைச் சாத்தி வாகனங்களை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மாற்றாகச் சுரங்கப் பாதை 2023 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அந்தச் சின்னஞ்சிறு இடத்துக்கு அதைக் கட்டி முடிக்கவே ஒரு தசாப்தத்துக்கு மேல் எடுத்தது.

ஆட்சேபனையைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானின் நரிட்டா சாட்சி. 1966இல் விவசாயிகளைக் கலந்தாலோசிக்காமல் இடம் தீர்மானித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இழுபறிப்பட்டு, உயிரிழப்புகளும் ஏற்பட்டு, 1978இல் ஒரேயொரு ஓடுபாதையுடன் திறந்தார்கள். இரண்டாவது ஓடுபாதை 2002இல்தான் வந்தது. அதுவும் காணி கிடைக்காததால் 2,500 மீற்றருக்குப் பதிலாக 2,180 மீற்றர். ஜப்பானியரிடம் பணம் இல்லையா, தொழில்நுட்பம் இல்லையா? ஆரம்பத்தில் ஊரவரோடு உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

காணி இழந்தவருக்குச் சட்டம், பாதை இழந்தவருக்கு?

இங்குதான் வியாபாரிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விடயம் இருக்கிறது. நம் நாட்டில் பொதுத் தேவைக்குக் காணி எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழாகும். இரண்டாம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டுவார்கள். நான்காம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் ஆட்சேபனை கோருவார்கள். ஐந்தாம் பிரிவின் கீழ் பிரகடனம், ஏழாம் பிரிவின் கீழ் உரிமை கோரும் அறிவித்தல், பின்னர் விசாரணை, நட்டஈடு என்று போகும். அவசரத் தேவை என்று கருதினால் 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தைக் கொண்டு இவையெல்லாம் முடியும் முன்பே காணியைப் பொறுப்பேற்கவும் முடியும். காணி விடயத்தில் அடிபட்டவர்களுக்கு "முப்பத்தெட்டு அ" என்றால் உடனே விளங்கும்.

காணியோடு கடையும் போனால், கடையின் வருமான இழப்புக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபம் எவ்வளவு என்பதைக் கணக்குப் புத்தகத்தால் காட்ட வேண்டும். சகோதரர்களே, நம்மில் எத்தனை பேரிடம் அப்படியொரு புத்தகம் இருக்கிறது? கொப்பியில் கடன் கணக்கு இருக்கும். வரி அதிகாரிக்கு ஒரு கணக்கு இருக்கும். உண்மையான கணக்கு முதலாளியின் தலைக்குள் இருக்கும். தலைக்குள் இருக்கும் கணக்குக்கு எந்த அரசாங்கமும் காசோலை எழுதித் தராது. விமானநிலையம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஒரு விடயத்தை இன்றே சரி செய்துகொள்வது நல்லது. ஸகாத் கணக்குப் பார்க்கவும் அது உதவும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மேலே சொன்ன நட்டஈடு எல்லாம் யாருடைய காணி எடுக்கப்படுகிறதோ அவருக்கு. உங்கள் காணியில் ஓர் அங்குலமும் எடுக்கப்படவில்லை, ஆனால் உங்கள் கடைக்கு முன்னால் போன வீதி திருப்பப்பட்டு விட்டது என்றால்? காலையில் கடை முன் நின்ற பஸ் இனி நிற்காது. படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறி வேறு வழியால் போகும். உங்கள் வியாபாரம் பாதியாகும். காணி எடுத்தற் சட்டத்தைப் புரட்டினால் உங்களுக்கு ஒரு சதமும் இல்லை. காணி இழந்தவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாதை இழந்தவருக்கு அந்த வாசல் கிடையாது. ஆகவேதான் ஆட்சேபிக்கும் விவசாயியை விட நமக்கு இதில் அக்கறை அதிகமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வீதி திருப்பப்பட்டதால் ஒரு லொறி போக ஐந்து, வர ஐந்து, ஆக நாளொன்றுக்குப் பத்து கிலோமீற்றர் கூடுதலாக ஓடுகிறது என்க. லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் என்றால் ஒன்றேகால் லீற்றர். மாதத்தில் 25 நாள் ஓடினால் 31 லீற்றர். இன்றைய டீசல் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், டயர் தேய்வையும் சாரதியின் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு எவ்வளவு? இது ஒரு லொறிக்கு. இந்தச் செலவு கடைசியில் அரிசி விலையிலும் மரக்கறி விலையிலும்தான் வந்து விழும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விமானச் சரக்கால் நமக்கு இலாபம் இல்லையென்று சொல்ல வரவில்லை. உயிர் நண்டு, இறால் போன்றவை மணிக்கணக்கில் விலை இழப்பவை. இலங்கை வெற்றிலைக்குப் பாகிஸ்தான் பெரிய சந்தை, அது கட்டுநாயக்கவிலிருந்துதான் பறக்கிறது. களுதாவளை, தேற்றாத்தீவு வெற்றிலை மட்டக்களப்பிலிருந்தே பறந்தால் யாருக்குத்தான் கசக்கும்? மத்திய கிழக்கில் உழைக்கும் நம் பிள்ளைகள் இரவிரவாக முந்நூறு கிலோமீற்றர் வேனில் போய்த்தான் கட்டுநாயக்கவில் ஏறுகிறார்கள். வழியில் சாரதி கண்ணயர்ந்து நடந்த விபத்துகளும் நமக்குத் தெரியும். ஆசை நியாயமானது. ஆனால் இன்று வந்து போகக்கூடிய செஸ்னாவில் சரக்கு மட்டும் ஏற்றினாலும் ஒரு தொன் அளவே கொள்ளும். தேற்றாத்தீவில் ஒரு காலைப் பொழுதில் ஒரு லொறியில் ஏறுவதை விட இது குறைவு. பெரிய விமானம் வர வேண்டுமானால் பெரிய ஓடுபாதை, பெரிய ஓடுபாதை வர வேண்டுமானால் போதிய பயணிகள். பயணிகள் வராவிட்டால் என்னவாகும் என்பதற்கு மத்தளை இருக்கிறது. 2013 மார்ச்சில் இருபது கோடி டொலருக்கு மேல் செலவில் திறந்தார்கள். 2015இல் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். நெல் வைக்க நமக்கு ஓடுபாதை தேவையில்லையே.

இது யாருடைய ஆட்சேபனை?

ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திமிலைதீவும் வவுணதீவும் தேற்றாத்தீவும் தமிழ் ஊர்கள். விமானநிலையத்தை அதிகம் விரும்புவோரில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை வர்த்தகர்கள் இருக்கிறார்கள். நாளை விஸ்தரிப்பு வேலை தொடங்கி, அங்குள்ள மக்கள் ஆட்சேபித்தால், "அவர்கள் எதிர்க்கிறார்கள், நாம் ஆதரிக்கிறோம்" என்று அது இனப் பிரச்சினையாகத் திரிந்து போக எத்தனை நாள் எடுக்கும்? நம் மாவட்ட அரசியல்வாதிகளை அறிந்தவர்களுக்கு விடை தெரியும்.

வீதி என்பது நமக்கு வெறும் தாரும் கல்லும் அல்ல. 1990 ஜூலையில் இதே கல்முனை வீதியில், தேற்றாத்தீவிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கேயுள்ள குருக்கள்மடத்தில், ஹஜ்ஜிலிருந்து திரும்பியோரும் வியாபாரத்தால் வந்தோருமான நம்மவர்கள் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டனர். அதன் பின் அந்த வீதியில் போவதற்கு நம்மவர் எவ்வளவு காலம் அஞ்சினர் என்பதை மூத்த வியாபாரிகள் சொல்வார்கள். அதே ஆண்டுகளில் படுவான்கரைத் தமிழ் மக்கள் துறையடிச் சோதனைச் சாவடிகளில் அரிசி மூட்டையை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வீதி மூடினால் என்னவாகும் என்று இரு சாராருக்கும் தெரியும். இந்த விடயத்தில் ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்த எதுவும் இல்லை.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியை விஸ்தரிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அப்பாஸ் (ரழி) அவர்களின் வீடு. அவர் தர மறுத்தார். இஸ்லாமியப் பேரரசின் கலீஃபா, நபியின் பள்ளிவாசலுக்காகக் கேட்கிறார். அப்படியிருந்தும் வீட்டைப் பறிக்கவில்லை. நடுவரிடம் போனார்கள். உபை இப்னு கஅப் (ரழி) அவர்கள் வீட்டுக்காரரின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கலீஃபாவும் ஏற்றுக்கொண்டார். அதன் பிறகே அப்பாஸ் (ரழி) தாமாக முன்வந்து வீட்டை முஸ்லிம்களுக்காகக் கொடுத்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசல் விஸ்தரிப்புக்கே ஆட்சேபனை கேட்கப்பட்டதென்றால் விமானநிலைய விஸ்தரிப்புக்குக் கேட்கக் கூடாதா?

வர்த்தக சங்கங்கள் செய்யக்கூடியது

கூட்டம் போட்டு ஆதரவா எதிர்ப்பா என்று கை உயர்த்துவதில் பிரயோசனமில்லை. சட்டம் நமக்கு ஒரு இடம் வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். சூழல் பாதிப்பு மதிப்பீடு அவசியமான திட்டங்கள் எவை என்று 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டுள்ளது. கொள்ளளவை ஐம்பது வீதமோ அதற்கு மேலோ கூட்டும் விமானநிலைய விஸ்தரிப்பு அதில் ஒன்று. நான்கு ஹெக்டயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவதும் அதில் உண்டு. மதிப்பீட்டு அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. காணி இல்லாதவரும் எழுதலாம், கடைக்காரரும் எழுதலாம், சங்கமும் எழுதலாம். பாதை இழப்பவருக்குக் கிடைக்கும் முதலாவது கதவும் ஏறத்தாழக் கடைசிக் கதவும் இதுதான். 30 நாட்கள் என்பது நம் சங்கங்கள் கூட்டத்துக்குத் திகதி குறிப்பதற்கே எடுக்கும் காலம் என்பதால் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

என்ன எழுதுவது? வலையிறவு வழியில் ஒரு நாளைக்கு எத்தனை லொறி, எத்தனை பட்டா, எத்தனை லான்ட் மாஸ்டர், எத்தனை மோட்டார் சைக்கிள் போகின்றன என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து எண்ண வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு தடவை, மாரியில் ஒரு தடவை. இதற்கு இயந்திரம் தேவையில்லை. க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளும் ஒரு கொப்பியும் போதும். "வீதியால் எங்களுக்குப் பாதிப்பு" என்று எழுதினால் அதிகாரி கோப்பில் வைத்து மூடிவிடுவார். நாளொன்றுக்கு இத்தனை வாகனம், இத்தனை தொன் நெல், திருப்பினால் இத்தனை கிலோமீற்றர் கூடுதல் என்று எழுதினால் அவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

கேட்க வேண்டியதும் ஒன்றுதான். மாற்று வீதி முதலில், ஓடுபாதை பிறகு. மாற்று வீதி தார் போட்டு, மழைக்காலம் ஒன்றைத் தாங்கி நின்ற பின்னரே பழைய வீதியில் வேலி போட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். குருமண்வெளிக்கும் அம்பிளாந்துறைக்கும் பாலம் வேண்டுமென்று மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். விமானநிலையத்துக்குக் கிடைக்கும் நிதியோடு சேர்த்து இவற்றையும் ஒரே பொதியாகக் கேட்பதில் தவறில்லை. மட்டக்களப்போடு நின்றுவிட்ட ரயில் பாதையைக் கல்முனை, பொத்துவில் வரை நீட்டும் கோரிக்கையும் பழையதுதான். விமானத்தில் பறக்கும் ஒருவருக்கு, ரயிலிலும் பஸ்ஸிலும் போகும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இதைக் காத்தான்குடிச் சங்கம் தனியாகவும் களுவாஞ்சிகுடிச் சங்கம் தனியாகவும் எழுதுவதில் பயனில்லை. இரண்டும் ஒரே கடிதத்தில் கையொப்பம் வைத்தால் அதன் பெறுமதி வேறு. தேற்றாத்தீவு மரக்கறிச் சேகரிப்பாளரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "கடிதம் எழுதுங்க காக்கா, நான் சைன் வைக்கிறன். ஆனா லொறி எண்ணுறதுக்கு என்ட மகனையும் போடுங்க. அவன்தான் தினம் அந்தப் பக்கம் போய் வாறவன், எந்த லொறி யாருடையதென்று நம்பரைப் பார்க்காமலே சொல்லுவான்" என்றார்.